குருவின் தீவுக்குத் திரும்பிய படகு

பசிபிக் தீவு என்றதும் பெரும்பாலானவர்கள் மனதில் ஓடும் படம் ஒன்றுதான். நீலக் கடல், வெள்ளை மணல், சாய்ந்து நிற்கும் தென்னை, தூரத்தில் ஒரு பாய்மரப் படகு. படகிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் இறங்குவார். கரையில் நிற்பவர்கள் மாலை போட்டு வரவேற்பார்கள். கேப்டன் குக் காலத்திலிருந்து இன்றைய உல்லாசப் படகுக்காரர்கள் வரை இந்தப் படம் அதிகம் மாறவே இல்லை. வருபவர் கண்டுபிடிப்பவர், அங்கேயே இருப்பவர் கண்டுபிடிக்கப்படுபவர்!

2007 மார்ச் மாதம் சதவால் என்ற குட்டித் தீவுக்கு இரண்டு பாய்மரப் படகுகள் வந்து சேர்ந்தன. அந்தக் காட்சி மேலே சொன்ன படத்தோடு பொருந்தவே பொருந்தாது. வந்தவர்கள் எதையும் கண்டுபிடிக்க வரவில்லை. தங்களுக்குக் கடலைச் சொல்லிக்கொடுத்த ஒரு முதியவரைப் பார்க்க வந்தார்கள். வெறுங்கையோடும் வரவில்லை. வந்த இரண்டு படகுகளில் ஒன்று அவருக்கான பரிசு. அதைக் கட்டி, பாய் விரித்து, ஹவாயிலிருந்து 6000 கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டி வந்து அவர் கையில் ஒப்படைத்தார்கள்.

உலகம் தெரிந்துவைத்திருப்பது 1976-ல் இதே மக்கள் தஹிதி தீவுக்குச் சென்ற பயணத்தைத்தான். புத்தகங்களும் படங்களும் அதைப் பற்றித்தான் அதிகம். ஆனால் இரண்டில் பெரிய பயணம் எது என்று கேட்டால், 2007-ல் நடந்ததுதான். ஏன் என்று பார்க்கலாம்.

சதவால் எங்கே இருக்கிறது?

மேற்கு பசிபிக்கில் கரோலின் தீவுகள் என்று ஒரு நீண்ட தீவுக்கூட்டம். மைக்ரோனீசிய கூட்டாட்சி நாட்டின் யாப் மாநிலத்தில், கிழக்குக் கோடியில் இருப்பது சதவால். பரப்பளவு சுமார் 1.3 சதுர கிலோமீட்டர். சுமார் 500 பேர். மாநிலத் தலைநகர் இருக்கும் யாப் தீவுக்குப் போக வேண்டுமென்றால் ஏறக்குறைய 1000 கிலோமீட்டர் கடல்.

பல பவளத் தீவுகளுக்கு நடுவில் ஏரி மாதிரி அமைதியான நீர்ப்பரப்பு இருக்கும். சதவாலுக்கு அதுவும் கிடையாது. பாறைத்திட்டைத் தாண்டினால் திறந்த கடல்தான். சீமைப்பலா, தேங்காய், சேம்பு, மீன் ஆகியவைதான் உணவு. அப்படிப்பட்ட ஊரில் கடலில் போய்த் திரும்பத் தெரிந்தவன்தான் ஊருக்குச் சோறு போடுபவன்.

அங்கே 1932-ல் பிறந்தவர் பியஸ் பியாய்லுக். ஊர் வைத்த பெயர் மாவ். அவருடைய தாத்தாவும் மாலுமி, அப்பாவும் மாலுமி. பேரன் கைக்குழந்தையாக இருந்தபோதே தாத்தா அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார். கடல் நீர் ஏறி இறங்கும் சின்னக் குட்டைகளில் குழந்தையை உட்காரவைத்து, நீரின் அசைவை உடம்புக்குப் பழக்கினாராம். எழுத்து படிப்பதற்கு முன்பே கடல் படித்த பிள்ளை! ஏறத்தாழ 18 வயதில் 'புவோ' என்ற சடங்கின் மூலம் அவர் முழு மாலுமியாக ஏற்றுக்கொள்ளப்பட்டார்.

கருவி இல்லாமல் எப்படி?

திசைகாட்டி இல்லை, வரைபடம் இல்லை, கடிகாரம்கூட இல்லை. பிறகு எப்படி நூற்றுக்கணக்கான மைல் தாண்டி ஒரு சின்னத் தீவைப் பிடிக்கிறார்கள்?

முதலில் நட்சத்திரம். கரையில் பாய் விரித்து, பவளக் கற்களை வட்டமாக அடுக்கி, நடுவில் ஓலையால் செய்த குட்டிப் படகை வைத்துப் பாடம் தொடங்கும். வட்டத்தில் உள்ள ஒவ்வொரு கல்லும் ஒரு நட்சத்திரம் உதிக்கும் இடம் அல்லது மறையும் இடம். மொத்தம் 32 திசைகள். கிழக்கு என்றால் திருவோணம் உதிக்கும் இடம். வடக்கு என்றால் துருவ நட்சத்திரம். நட்சத்திரம் கொஞ்சம் மேலே ஏறிவிட்டால் அதே இடத்தில் உதிக்கும் அடுத்த நட்சத்திரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆகவே ஒரு இரவுக்கு ஒரு நட்சத்திரம் போதாது. ஒவ்வொரு திசைக்கும் ஒரு வரிசையே மனப்பாடமாக இருக்க வேண்டும்.

பகலிலும் மேகம் மூடிய இரவிலும் என்ன செய்வது? அப்போது அலை. கரையில் உடையும் அலை அல்ல. எங்கோ தூரத்துக் காற்றில் பிறந்து நாள் கணக்கில் ஒரே திசையில் உருண்டு வரும் நெடிய அலை. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று திசைகளிலிருந்து அவை வரும். படகு எந்த அலைக்கு எப்படி ஆடுகிறது என்பதை வைத்துத் திசையைப் பிடிப்பார்கள். மாலுமி படகுக்குள் படுத்துக்கொண்டே முதுகால் அலையைப் படிப்பார். கண்ணை மூடிக்கொண்டு!

மூன்றாவது பறவை. சில வகை ஆலாக்கள் காலையில் மீன் பிடிக்கக் கடலுக்கு வந்து மாலையில் தீவுக்குத் திரும்பும். மாலையில் அவை போகும் திசையில் நிலம் இருக்கிறது என்று பொருள். தீவு சின்னதாக இருக்கலாம், ஆனால் பறவைகள் பறக்கும் வட்டம் பெரியது. அந்த வட்டத்துக்குள் நுழைந்தால் போதும்.

எல்லாவற்றையும்விட வியப்பானது தூரக் கணக்கு. பக்கவாட்டில், கண்ணுக்கே தெரியாத மூன்றாவது தீவு ஒன்றை மனதில் வைத்துக்கொள்வார்கள். படகு நிற்கிறது, தீவுகள்தான் நகர்கின்றன என்பது அவர்கள் கணக்கு. ரயிலில் உட்கார்ந்தவருக்கு மரம் பின்னால் ஓடுவது போல. புறப்படும்போது அந்த மூன்றாவது தீவு ஒரு நட்சத்திரத்தின் கீழ் இருக்கும். போகப் போக அடுத்த நட்சத்திரத்தின் கீழே நகரும். இப்படி எத்தனை நட்சத்திரம் தாண்டியது என்பதை வைத்து எவ்வளவு தூரம் வந்தாயிற்று என்று சொல்லிவிடுவார்கள். இதற்கு 'எத்தாக்' என்று பெயர்.

இது எழுதிவைத்த சாஸ்திரம் அல்ல. பாட்டாகவும் மந்திரமாகவும் குடும்பத்துக்குள்ளேயே வாய்வழியாக வந்தது. வெளியாளுக்குச் சொல்லக் கூடாது என்பது கட்டுப்பாடு. வித்தைதான் குடும்பத்தின் சொத்து.

ஹவாயில் என்ன நடந்தது?

ஹவாய், தஹிதி, நியூசிலாந்து, ராப்பா நூயி எனப் பரந்து கிடக்கும் பாலினீசியத் தீவுகளில் பேசப்படும் மொழிகள் உறவு மொழிகள். மக்களும் ஒரே வழி வந்தவர்கள். இவ்வளவு பெரிய கடலில் அவர்கள் எப்படிப் பரவினார்கள் என்பது வெள்ளைக்கார அறிஞர்களுக்குப் பெரிய குழப்பம். 1947-ல் நார்வேக்காரர் தோர் ஹெயர்டால், கோன்-டிக்கி என்ற தெப்பத்தில் பெருவிலிருந்து 101 நாள் மிதந்து வந்து, முதல் குடிகள் தென் அமெரிக்காவிலிருந்து வந்திருக்கலாம் என்றார். 1956-ல் ஆண்ட்ரூ ஷார்ப் என்பவர் ஒரு புத்தகம் எழுதினார். கருவி இல்லாமல் 300 மைலுக்கு மேல் குறிவைத்துப் போய்த் திரும்புவது நடக்காத காரியம், காற்றில் திசை தவறியவர்கள்தான் தற்செயலாகத் தீவுகளில் ஒதுங்கினார்கள் என்பது அவர் வாதம்.

உங்கள் முன்னோர்கள் வழி தவறி வந்தவர்கள் என்று ஓர் இனத்தைப் பார்த்துச் சொல்வது சாதாரண விஷயம் இல்லை. அதுவும் ஹவாய் மக்களுக்கு. ராஜ்யம் போய், நிலம் போய், 1896-ல் பள்ளிகளில் இருந்து தாய்மொழியும் போன மக்கள் அவர்கள்.

இதை உடைக்கத்தான் 1973-ல் மானுடவியலாளர் பென் ஃபின்னி, ஓவியர் ஹெர்ப் கானே, டாமி ஹோம்ஸ் மூவரும் பாலினீசியக் கடற்பயணச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1975-ல் ஹோக்குலேயா என்ற இரட்டை ஓடப் படகு கடலில் இறங்கியது. ஹோக்குலேயா என்றால் மகிழ்ச்சியின் நட்சத்திரம். நம் ஊரில் சுவாதி என்று சொல்லும் நட்சத்திரம்தான் அது. ஹவாயின் உச்சி வானத்தைக் கடந்து போகும்.

படகு தயார். ஆனால் பழைய முறையில் அதை ஓட்டத் தெரிந்த ஒருவர்கூட ஹவாயில் மிச்சமில்லை! வித்தை அங்கே பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அறுந்து போயிருந்தது. தேடிப் பார்த்ததில் கரோலின் தீவுகளில் சில மாலுமிகள் இருப்பது தெரிந்தது. வந்தவர் மாவ். அவர் பாலினீசியரே அல்ல. வேறு மொழி, வேறு தீவுக்கூட்டம்.

1976: வெற்றியும் கசப்பும்

1976 மே 1 அன்று மாவுயி தீவிலிருந்து படகு புறப்பட்டது. தென்கோளத்து வானம் மாவுக்குப் பழக்கமில்லாதது. அந்தக் கடலும் புதிது. அப்படியும் சுமார் 4000 கிலோமீட்டர் தாண்டி, ஜூன் 4 அன்று தஹிதியின் பப்பீத்தே துறைமுகத்தில் படகு நுழைந்தது. கரையில் சுமார் 17,000 பேர்.  பிள்ளைகள் ஏறி ஏறிப் படகின் பின்பக்கம் நீரில் அமிழ்ந்தே விட்டது. ஷார்ப்பின் வாதமும் அதோடு அமிழ்ந்தது.

இத்தோடு கதையை முடித்துவிடுபவர்கள்தான் அதிகம். ஆனால் படகுக்குள்ளே நடந்தது வேறு. பயணிகளுக்குள் கடும் சண்டை. யார் உண்மையான ஹவாய்க்காரர், யார் கட்டளையிடுவது, எதற்காக இந்தப் பயணம் என்று வார்த்தை தடித்து, கைகலப்பு வரைக்கும் போனது. மாவ் நொந்துபோனார். கடலில் ஒற்றுமை இல்லாவிட்டால் சாவு என்று கற்று வளர்ந்தவர் அவர். தஹிதியில் இறங்கியதும், தன்னைத் தேடி வரவேண்டாம் என்ற பொருளில் ஒரு செய்தியை ஒலிநாடாவில் பதிந்து வைத்துவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார். ஹோக்குலேயா கருவிகளின் உதவியோடுதான் ஹவாய் திரும்பியது.

ஆக, ஒருவரை அழைத்து, அவர் அறிவைப் பயன்படுத்தி, தங்கள் பெருமையை மீட்டுக்கொண்டார்கள். அந்த மனிதரை மனம் நோகடித்து அனுப்பினார்கள். கடுமையாகத் தெரியலாம். ஆனால் 1976-ன் கணக்கு அதுதான்.

ஒரு சாவுக்குப் பிறகு

1978 மார்ச்சில், கூட வரும் துணைக் கப்பல்கூட இல்லாமல், ஹோக்குலேயா மறுபடி தஹிதிக்குக் கிளம்பியது. புறப்பட்ட அன்று இரவே மோலோக்காய் கால்வாயில் புயல் காற்றில் கவிழ்ந்தது. பயணிகளில் ஒருவரான எட்டி ஐக்காவ் உயிர்காப்பு வீரர், பெயர் பெற்ற அலைச்சறுக்கு வீரர், வயது 31. அலைப்பலகையில் படுத்துத் துடுப்புப் போட்டு உதவி கொண்டுவருகிறேன் என்று போனவர் திரும்பவே இல்லை. மற்றவர்கள் காப்பாற்றப்பட்டார்கள்.

அந்தப் படகில் இருந்த இளைஞர் நைனோவா தாம்சன். தானே நட்சத்திரம் பார்த்துப் பழகிக்கொண்டிருந்தவர். குரு இல்லாமல் இது ஆகாது என்று அவருக்குப் புரிந்தது. மாவைத் தேடிப் போனார். வராதே என்று சொன்ன மனிதரிடம் போய் நின்றார்!

மாவ் ஒப்புக்கொண்டார். நீங்கள் செத்துப்போகக் கூடாது என்பதற்காகத்தான் சொல்லித்தருகிறேன் என்ற பொருளில் அவர் சொன்னதாக நைனோவா பிற்பாடு பல முறை சொல்லியிருக்கிறார். 1979-ல் ஹவாய் வந்து பாடம் தொடங்கினார். 1980-ல் நைனோவா கருவி இல்லாமல் தஹிதி போய்த் திரும்பினார். பல நூற்றாண்டுகளில் அப்படிச் செய்த முதல் ஹவாய்க்காரர் அவர்.

அந்தப் பயணத்தில் மாவ் கூடவே இருந்தார், ஆனால் வாய் திறக்கவில்லை. கடைசிக் கட்டத்தில் ஒரே ஒரு முறை தலையிட்டார். காலையில் ஒரு பறவை பறந்து போனது. காலை என்றால் பறவை தீவிலிருந்துதான் வரும் என்று பாடப்படி கணக்குப் போட்டு நைனோவா படகைத் திருப்பினார். மாவ், படகைத் திருப்பு, பறவையின் பின்னால் போ என்றார். பறவையின் அலகில் ஒரு மீன் இருந்தது. அது குஞ்சு பொரித்திருக்கும் காலம். குஞ்சுக்கு இரை கொண்டுபோகும் பறவை காலையிலும் தீவுக்குத்தான் போகும். பாடம் தெரிந்தவனுக்கும் கடல் தெரிந்தவனுக்கும் இருக்கும் வித்தியாசம் அந்த ஒரு மீன்!

1999, 2007: திரும்பி வருதல்

அதற்குப் பிறகு வித்தை பரவியது. நியூசிலாந்து, குக் தீவுகள், ராப்பா நூயி என ஹோக்குலேயா போகாத இடமில்லை. மற்ற தீவுக்காரர்களும் படகு கட்டினார்கள். ஹவாய்ப் பெருந்தீவில் கிளே பெர்டெல்மன் என்பவர் தலைமையில் மாகாலீ என்ற படகு உருவானது. மாகாலீ என்றால் ஹவாய் மொழியில் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம்.

1999-ல் மாகாலீ ஒரு வேலை செய்தது. மாவை ஏற்றிக்கொண்டு, பாய் விரித்து, அவரைச் சதவாலுக்கே கொண்டுபோய் வீட்டில் விட்டது. 23 வருடங்களுக்கு முன் மனம் கசந்து தனியாக ஊர் திரும்பியவரை அவருடைய மாணவர்களே கடல் வழியாக ஊர் சேர்த்தார்கள். மாவுக்குச் சொந்தமாக ஒரு படகு கட்டித் தருவதாகக் கிளே வாக்குக் கொடுத்தார்.

கிளே 2004-ல் இறந்துவிட்டார். வாக்கு சாகவில்லை. அவருடைய தம்பியும் உறவினர்களும் கவாய்ஹாயே துறைமுகத்தில் வேலையை முடித்தார்கள். படகின் பெயர் அலிங்கானோ மாய்சு. சதவாலில் சீமைப்பலா மரங்களுக்குச் சொந்தக்காரர் உண்டு. ஆனால் காற்றில் தானாக விழுந்த பழத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பழத்துக்குத்தான் மாய்சு என்று பெயர்.

2007 ஜனவரியில் மாய்சுவும் ஹோக்குலேயாவும் ஹவாயை விட்டுப் புறப்பட்டன. மார்ஷல் தீவுகள், போன்பே, சூக் வழியாகச் சதவால். மார்ச் 18 அன்று மாவ் அந்தத் தீவில் புவோ சடங்கு நடத்தினார். 56 வருடங்களாகச் சதவாலில் நடக்காத சடங்கு அது. நைனோவா உட்பட ஐந்து ஹவாய்க்காரர்களும் மற்றும் பதினொரு பேரும் மாலுமிகளாக ஏற்றுக்கொள்ளப்பட்டார்கள். அந்தப் பதினொரு பேரில் மாவின் சொந்த மகன் செசாரியோவும் ஒருவர்.

ஹவாய்க்காரர்கள் கொண்டுவந்தது படகு மட்டுமல்ல. நின்றுபோயிருந்த ஒரு சடங்கு குருவின் ஊரிலேயே மறுபடி நடப்பதற்கு அவர்கள் வருகை காரணமாக இருந்தது. 1976-ல் ஹவாய் சதவாலிடமிருந்து எடுத்துக்கொண்டது. 2007-ல் திருப்பிக் கொடுத்தது. 1976-ஐ விட 2007 பெரியது என்பதற்குக் காரணம் இதுதான்.

மூன்று வருடம் கழித்து, 2010 ஜூலை 12 அன்று மாவ் சதவாலில் காலமானார்.

கொடுத்தது சரியா?

மாவ் வெளியாட்களுக்குச் சொல்லித்தந்ததை அவருடைய ஊரில் எல்லோரும் ஏற்கவில்லை. அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஒரு சின்னத் தீவிடம் இருக்கும் ஒரே செல்வம் அதன் வித்தை. அதையும் பணக்காரத் தீவுக்குக் கொடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன? பேர் வாங்கப்போவது யார்? படம் எடுத்தவர்களுக்கும் புத்தகம் எழுதியவர்களுக்கும் கிடைத்ததில் சதவாலுக்கு எத்தனை பங்கு வந்தது?

ஆனால் மாவ் பார்த்த நிலைமையையும் பார்க்க வேண்டும். ஜெர்மானிய, ஜப்பானிய ஆட்சிகளில் நெடுந்தூரப் படகுப் பயணங்களுக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. பிறகு அமெரிக்க ஆட்சியில் பள்ளிக்கூடம், சம்பளம், மோட்டார் படகு எல்லாம் வந்தன. பிள்ளைகள் படிப்புக்காக வேறு தீவுகளுக்குப் போனார்கள். பத்துப் பதினைந்து வருடம் கூடவே இருந்து படிக்க வேண்டிய வித்தையைக் கற்க ஆளில்லை. பூட்டி வைத்தால் பெட்டியோடு மக்கிப்போகும் என்று அவர் கணித்தார். கணிப்பு தவறவில்லை. இன்று அவருடைய மகனே ஆசிரியர். அந்த மாய்சு படகை யாப்பை மையமாக வைத்து ஓட்டினார், பலாவு தீவில் கல்லூரி மாணவர்களுக்குக் கடல் வழி காண்பதைச் சொல்லிக்கொடுத்தார். 

ஆகவே கொடுத்தது சரிதான். ஆனால் ஒரு நிபந்தனையோடு. வாங்கியவன் திரும்பி வர வேண்டும். மாவின் மாணவர்கள் வந்தார்கள். அவர்கள் வராமல் போயிருந்தால், கொடுக்காதே என்று சொன்ன ஊர்ப் பெரியவர்கள் சொன்னதே சரியென்று ஆகியிருக்கும்.

இப்போது வருவது யார்?

கதை இங்கே சுபமாக முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை. ஏனென்றால் கடல் இரண்டு பக்கமும் ஓடுகிறது.

1986-ல் மைக்ரோனீசிய கூட்டாட்சிக்கும் அமெரிக்காவுக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி அந்நாட்டு மக்கள் விசா இல்லாமல் அமெரிக்காவில் வாழலாம், வேலை செய்யலாம். அமெரிக்க ராணுவத்திலும் சேரலாம். பதிலுக்கு அந்தக் கடற்பரப்பின் பாதுகாப்பு உரிமை அமெரிக்காவிடம். வேலை, படிப்பு, மருத்துவம் தேடிப் பல ஆயிரம் பேர் குவாமுக்கும் ஹவாய்க்கும் போனார்கள். சதவால் மாதிரித் தீவுக்காரர்களும் அதில் அடக்கம். மாவின் மக்கள் இப்போது ஹவாய்க்கு வருகிறார்கள், பாய்மரத்தில் அல்ல, விமானத்தில்.

அவர்களுக்கு மாலை கிடைத்ததா? ஹவாயில் 'மைக்ரோனீசியர்' என்ற சொல்லே வசவாகப் பயன்பட்ட காலம் உண்டு. வாடகை வீடு, பள்ளிக்கூடம், வேலையிடம் எல்லாவற்றிலும் அவர்கள் பாரபட்சத்தைச் சந்திப்பது பற்றி அமெரிக்க சிவில் உரிமை ஆணையத்தின் ஹவாய் ஆலோசனைக் குழு 2019-ல் ஓர் அறிக்கையே வெளியிட்டது. ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டிலிருந்து இவர்களை 1996-ல் அமெரிக்கச் சட்டம் ஒன்று நீக்கியது. வரி கட்டினார்கள், ராணுவத்தில் சேர்ந்தார்கள், ஆனால் அந்தக் காப்பீடு இல்லை. 2020 டிசம்பரில்தான் அது திரும்பக் கிடைத்தது. மாய்சு சதவாலுக்குப் போய்ச் சேர்ந்த அந்த 2007-லும் இதுதான் நிலைமை.

இதற்குப் படகுக்காரர்கள் பொறுப்பல்ல. அவர்கள் தங்கள் கடனைத் தீர்த்தார்கள். ஆனால் ஹவாய் மக்கள் முழுவதும் மாவினால் பெருமை அடைந்தவர்கள். பள்ளிக்கூடத்தில் ஹோக்குலேயாவைப் பற்றிப் படிக்கும் பிள்ளை, அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மைக்ரோனீசியப் பிள்ளையைக் கேலி செய்தால், அந்தப் பாடம் எதற்கு? குருவைக் கொண்டாடிவிட்டுக் குருவின் பேரனை விரட்டுவது என்ன மரியாதை?

ஒரு தீவோடு உறவைப் புதுப்பிப்பது என்பது அங்கே போய் இறங்குவதோடு முடிவதில்லை. போய் இறங்குவது ஒருவகையில் சுலபம். கரையில் எல்லோரும் காத்திருப்பார்கள், கண்ணீர் வரும், படம் எடுப்பார்கள். அந்தத் தீவுக்காரன் பெட்டியோடு உங்கள் வாசலில் வந்து நிற்கும்போது என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் உறவு தெரியும். அப்போது டிரம்ஸ் இல்லை, கேமரா இல்லை.

என்ன செய்யலாம்?

2021-ல் யுனெஸ்கோ, கரோலின் தீவுகளின் கடல் வழி காணும் முறையையும் படகு கட்டும் கலையையும் அவசரமாகக் காப்பாற்ற வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் சேர்ந்தது பெருமைதான். ஆனால் அவசரம் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். உலகமே அறிந்த பிறகும், அது பிறந்த இடத்தில் அந்தக் கலை இன்னும் ஆபத்தில்தான் இருக்கிறது. இளைஞர்கள் வெளியே போகிறார்கள். தாழ்வான பவளத் தீவுகளில் சேம்புக் குழிகளுக்குள் உப்புநீர் புகுகிறது. ஊர் காலியானால் கலை மட்டும் தனியாக அங்கே எப்படி நிற்கும்?

கலையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அந்த மக்களைக் காப்பாற்ற வேண்டும். அவர்கள் தீவில் இருந்தாலும் சரி, ஹொனலுலுவில் ஒரு வாடகை வீட்டில் இருந்தாலும் சரி. ஹவாய்ப் பள்ளிகளில் படிக்கும் கரோலின் தீவுப் பிள்ளைகளுக்கு, இந்த வித்தை உங்கள் தாத்தாக்களுடையது, நாங்கள் உங்களிடம் கடன் வாங்கியவர்கள் என்று சொல்லிக்கொடுக்கலாம். அந்தப் பிள்ளைகளுக்குப் படகில் முதல் இடம் கொடுக்கலாம். பெரிய செலவு ஒன்றும் இல்லை. 1979-ல் மாவ் ஹவாய்ப் பிள்ளைகளுக்கு என்ன செய்தாரோ, அதையே திருப்பிச் செய்வதுதான்.

காற்றில் விழுந்த சீமைப்பலாவை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பது சதவால் வழக்கம். மாவ் தன் வித்தையை அப்படித்தான் விழவிட்டார், ஹவாய் எடுத்துக்கொண்டது. இப்போது சதவாலின் பிள்ளைகள் ஹவாயில் நிற்கிறார்கள். அங்கே மரங்கள் நிறைய இருக்கின்றன. பழம் விழுமா?